59 ஹோம் ரன் அடித்தவருக்கு விலை ஏன் இல்லை?

எங்கள் விடுதியில் ராத்திரி செல்போனில் அமெரிக்க பேஸ்பால் பார்க்கும் சின்னக் கூட்டம் ஒன்று உண்டு. நானும் அதில் ஒருவன். அங்கே கிளம்பிய ஒரு சண்டைதான் இந்தக் கட்டுரை.

2017-ல் மியாமி மார்லின்ஸ் அணியின் ஜியான்கார்லோ ஸ்டான்டன் 59 ஹோம் ரன் அடித்தார். ஹோம் ரன் என்பது நம்ம சிக்ஸர் மாதிரி. நேஷனல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. அந்த டிசம்பரிலேயே மார்லின்ஸ் அவரை நியூயார்க் யாங்கீஸுக்குக் கொடுத்துவிட்டது. பதிலுக்கு வந்தவர்கள் ஸ்டார்லின் காஸ்ட்ரோவும், பெயர் வெளியே தெரியாத இரண்டு இளைஞர்களும். அது போதாதென்று 3 கோடி டாலர் வரை தானே கொடுக்கவும் மார்லின்ஸ் சம்மதித்தது.

"பைத்தியக்காரனுங்கடா" என்றான் என் அறை நண்பன். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

விஷயம் இதுதான். அங்கே ஆட்டக்காரரை மாற்றும்போது அவருடைய ஒப்பந்தமும் கூடவே போகும். ஸ்டான்டன் 2014-ல் 13 ஆண்டுக்கு 32.5 கோடி டாலர் என்று கையெழுத்துப் போட்டவர். அதில் இன்னும் 10 ஆண்டும் 29.5 கோடி டாலரும் பாக்கி இருந்தது. டியூ பாக்கியோடு வண்டி வாங்குகிறவன் டியூவைக் கழித்துத்தானே விலை பேசுவான்?

கணக்குப் போடும் விதம் ரொம்ப எளிது. சாதாரண மாற்று ஆள் ஒருவரைவிட இவர் எத்தனை வெற்றி கூடுதலாகத் தருவார்? அத்தனை வெற்றியை வெளிச்சந்தையில் வாங்க எவ்வளவு செலவாகும்? அதில் பாக்கிச் சம்பளத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் மாற்று மதிப்பு. போன வருஷம் அடித்த 59 இதில் சேராது. 28 வயதுக்காரர் 37 வயது வரை என்ன அடிப்பார் என்பதுதான் கேள்வி.

இதற்கு அடுத்த மாதமே பதில் போல ஒன்று நடந்தது. 2018 ஜனவரியில் அதே மார்லின்ஸ் கிறிஸ்டியன் யெலிச்சை மில்வாக்கி புரூவர்ஸுக்குக் கொடுத்தது. 2017-ல் அவர் அடித்தது வெறும் 18 ஹோம் ரன். ஆனால் அடுத்த 4 ஆண்டுச் சம்பளம் மொத்தமே சுமார் 4.3 கோடி டாலர். அவருக்குப் பதிலாக நான்கு இளம் ஆட்டக்காரர்கள் கிடைத்தார்கள்!

இங்கே ஒன்று சொல்லியே ஆகணும். ஸ்டான்டன் ஒப்பந்தத்தில் அவர் சம்மதமில்லாமல் எங்கும் அனுப்பக் கூடாது என்ற ஷரத்து இருந்தது. சான் பிரான்சிஸ்கோ, செயின்ட் லூயிஸ் அணிகளோடு மார்லின்ஸ் பேசி முடித்தும் அவர் மாட்டேன் என்றுவிட்டார். 2019-ல் காயத்தால் 18 ஆட்டமே ஆடினார். சம்பளம் முழுசா வந்தது. என் அப்பா கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தபோது மூன்று மாதம் ஒரு பைசா கூலி வரவில்லை. நண்பன் "சுமை" என்று சொன்ன அந்தக் காகிதத்தை நான் வேறு மாதிரி பார்ப்பது அதனால்தான்.

யெலிச் 2018-ல் 36 ஹோம் ரன் அடித்து அதே விருதை வாங்கினார். 2020-ல் 9 ஆண்டுக்கு 21.5 கோடி டாலர் என்று புது ஒப்பந்தம் போட்டார். அந்த ஆண்டே ஆட்டம் சரிந்தது. இப்போது அவரை மாற்றினால் நான்கு பேர் கிடைப்பார்களா என்று நண்பனிடம் கேட்டேன். கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.