போகாத டிக்கெட்டும் வருமான வரியும்

கடைவீதியில் கடை வைத்திருப்பவர் யாரும் இதிலிருந்து தப்பியதில்லை. பள்ளிக் கட்டட நிதிக்கு இன்னிசை இரவு, கண் சிகிச்சை முகாமுக்காக நகைச்சுவை நாடகம், முதியோர் இல்லத்துக்காக நட்சத்திர விழா என்று டிக்கெட் புத்தகத்துடன் நாலு பேர் வந்து நிற்பார்கள். வருபவர் வாடிக்கையாளராகவோ, பிள்ளை படிக்கும் பள்ளியின் ஆசிரியராகவோ இருப்பார். ஐந்நூறு ரூபாய் டிக்கெட் இரண்டை வாங்கிக் கல்லாப்பெட்டியில் போடுவோம். கடை சாத்தும் நேரமும் நிகழ்ச்சி நேரமும் ஒன்றாக இருப்பதால் நாம் போவதில்லை. பெரும்பாலும் கடைப் பையன்களிடமோ, பக்கத்திலுள்ள ஆதரவற்றோர் இல்லத்திலோ கொடுத்து விடுவோம்.

இப்படிக் கொடுத்த டிக்கெட்டுக்கு வரிக் கழிவு உண்டா என்று உறுப்பினர்கள் பலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் பிள்ளைகள் இருப்பவர்கள், அங்கே உண்டாமே என்றும் சொல்கிறார்கள். அங்கே உண்டு என்பது சரிதான். நிகழ்ச்சி நடத்தும் தர்ம ஸ்தாபனத்திடமே டிக்கெட்டை மறுவிற்பனைக்காகத் திருப்பிக் கொடுத்தால், கொடுத்த முழு விலையையும் நன்கொடையாகக் காட்ட அந்த நாட்டு வரித்துறை அனுமதிக்கிறது. நம் நாட்டில் அந்தக் கதை இல்லை.

1961-ஆம் வருட வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு, நன்கொடை பணமாக இருந்தால்தான் கழிவு என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. டிக்கெட்டானாலும், அரிசி மூட்டையானாலும், போர்வையானாலும், பொருளாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. 2026 ஏப்ரல் 1 முதலான காலத்துக்கு 2025-ல் இயற்றிய புதிய சட்டம் பொருந்துகிறது. அதில் பிரிவு எண்கள் மாறினவே தவிர இந்த விதி மாறவில்லை. நாம் பழகிய எண்ணிலேயே இங்கே எழுதுகிறோம்.

டிக்கெட்டை வாங்கியதையாவது நன்கொடையாகக் காட்டலாமா? ஐந்நூறு கொடுத்து ஒரு இருக்கையை வாங்கினோம். அது விலை, தானம் அல்ல. போகாமல் இருந்தது நம் இஷ்டம். ஆகவே கேட்க வந்தவர்களிடம், "டிக்கெட் வேண்டாம் ஐயா, அதே தொகைக்கு டிரஸ்ட் பெயரில் நன்கொடை ரசீது எழுதிக் கொடுங்கள்" என்று சொல்வதே உத்தமம். வந்தவர்களுக்கும் நஷ்டமில்லை, அந்த இருக்கையை வேறொருவருக்கு விற்றுக் கொள்வார்கள். ஆனால் அந்த டிரஸ்டுக்கு 80ஜி அனுமதி நடப்பில் இருக்க வேண்டும். முன்பு வாங்கிய அனுமதியைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தால் போதாது; 2021-க்குப் பிறகு அதற்குக் காலவரம்பு உண்டு, புதுப்பிக்க வேண்டும்.

ரொக்கத்தில் கவனம் தேவை. 2017-ஆம் வருட நிதிச் சட்டத்துக்குப் பிறகு 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கும் நன்கொடைக்குக் கழிவு இல்லை. 5,000 ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, அதில் 2,000-க்காவது கிடைக்குமே என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு பைசாவும் கிடைக்காது. காசோலையோ வங்கி மாற்றமோ செய்யுங்கள்.

கழிவின் அளவையும் பலர் தப்பாக எண்ணுகிறார்கள். சாதாரண டிரஸ்டுக்குக் கொடுத்தால் கொடுத்ததில் பாதிதான் கழியும். அதற்கும் வருமானத்தில் 10 சதவீதம் என்ற உச்சவரம்பு உண்டு. கணக்கிட்ட வருமானம் 6 லட்சம் உள்ளவர் 80,000 கொடுத்தாலும் 60,000-தான் எடுத்துக் கொள்வார்கள், அதில் பாதி 30,000 கழியும். பிரதமரின் தேசிய நிவாரண நிதி, முதலமைச்சரின் நிவாரண நிதி இவற்றுக்கு முழுத் தொகையும் வரம்பின்றிக் கழியும்.

இவ்வளவும் பழைய வரி முறையில் இருப்பவருக்குத்தான். 2023-24 நிதியாண்டிலிருந்து, நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் புதிய முறையில்தான் கணக்கிடுவார்கள். அதில் 80ஜி கிடையாது. நன்கொடைக்காகவே பழைய முறைக்குப் போகலாம் என்று அவசரப்பட வேண்டாம். வியாபார வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போய்ப் புதியதற்குத் திரும்பிவிட்டால், வியாபாரம் இருக்கும்வரை மறுபடி பழையதற்குப் போக இயலாது. கூட்டு வியாபார நிறுவனங்களுக்கு இந்தப் புதிய முறையே இல்லை, 30 சதவீதம்தான் வரி. ஆகவே அண்ணன் தம்பிகள் கூட்டாக நடத்தும் கடைகளில் நன்கொடைக் காசோலையைத் தனி நபர் கணக்கிலிருந்து கொடுக்காமல் நிறுவனக் கணக்கிலிருந்து கொடுப்பது லாபம்.

விழா மலர் விளம்பரம் வேறு ரகம். அது நன்கொடை அல்ல, கடையின் விளம்பரச் செலவு. பில்லும் மலரின் ஒரு பிரதியும் வைத்திருந்தால் செலவில் எழுதலாம். அரசியல் கட்சி வெளியிடும் மலருக்கு மட்டும் அனுமதி இல்லை. கணக்குப் புத்தகம் வைக்காமல் விற்றுமுதலில் 8 சதவீதம், வங்கி வழி வரவுக்கு 6 சதவீதம் என்று லாபம் காட்டும் சிறு கடைக்காரர்கள், இந்தச் செலவைத் தனியாகக் கழிக்க முடியாது.

இனி நமக்கு உண்மையிலேயே கை சுடுகிற இடத்துக்கு வருவோம். கம்பெனிகள் இலக்கு முடித்த விநியோகஸ்தர்களுக்குக் கிரிக்கெட் டிக்கெட் கொடுக்கிறார்கள். இலவசம்தானே என்று வாங்கி, ஆட்டத்துக்குப் போக நேரமில்லாமல் இல்லத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்து விடுகிறோம். 2022 ஜூலை 1 முதல், வியாபாரத்தின் பேரில் தரும் சலுகைகள் ஒரு வருடத்தில் 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரிப் பிடித்தம் உண்டு. 194ஆர் என்பது அந்தப் பிரிவு. நிகழ்ச்சிகளுக்குத் தரும் இலவச டிக்கெட்டும் இதில் சேரும் என்று நேரடி வரிகள் வாரியம் அந்த வருடச் சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டது.

ஒரு கம்பெனி 6,000 ரூபாய் டிக்கெட் நான்கு கொடுத்தது என்று வைத்துக் கொள்வோம். மொத்தம் 24,000. முழுத் தொகைக்கும் பிடித்தம், 2,400. அது முன்பணம்தான், 24,000-மும் நம் வருமானத்தில் சேர்ந்து, 30 சதவீதப் படியில் இருப்பவருக்கு வரி 7,200, அதன்மேல் செஸ் தனி. பிள்ளைகள் ஆட்டம் பார்த்தார்கள், நாம் வரி கட்டினோம். பொருளாகக் கொடுத்த தானம் என்பதால் ஒரு ரூபாயும் கழியாது. இது நியாயமா என்று கேட்டால் நமக்கும் பதில் தெரியவில்லை. சட்டம் இப்படித்தான் இருக்கிறது.

ஆகவே கம்பெனிப் பிரதிநிதி டிக்கெட் என்று சொல்லும்போதே, வேண்டாம், கிரெடிட் நோட்டாகத் தாருங்கள் என்று கேளுங்கள். விற்பனைத் தள்ளுபடிக்கும், பத்துப் பெட்டி வாங்கினால் இரண்டு பெட்டி இலவசம் என்கிற திட்டத்துக்கும் இந்தப் பிடித்தம் இல்லை. பிள்ளைகளுக்குக் கொடுத்தே தீர வேண்டும் என்றால், அந்தத் தள்ளுபடிப் பணத்தில் இல்லத்தின் பெயருக்குக் காசோலை போடலாம். மட்டையடி பார்க்கிற சந்தோஷம் பிள்ளைகளுக்குக் கிடைக்காதுதான்; அரிசியும் எண்ணெயும் கிடைக்கும்.

கடைச் சரக்கைத் தானமாகக் கொடுக்கும்போது ஜி.எஸ்.டி.யையும் பார்க்க வேண்டும். சோப்பு, பிஸ்கட் போன்றவற்றை வாங்கியபோது எடுத்த உள்ளீட்டு வரி வரவை, இலவசமாகக் கொடுத்த அளவுக்குத் திருப்பிவிட வேண்டும். வரி இல்லாத சில்லறை அரிசிக்கு அந்தத் தொல்லை இல்லை.

மகமை எடுத்துப் பள்ளிக்கூடம் கட்டிய வம்சம் நம்முடையது. விருதுநகரில் 1889-ல் தொடங்கிய, காமராஜர் படித்த க்ஷத்ரிய வித்யாசாலை அப்படி எழுந்ததுதான். வரிக் கழிவை எண்ணி யாரும் அப்போது கொடுக்கவில்லை. கோயில் திருப்பணிக்குக் கொடுப்பவர்கள் இன்றும் அப்படித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. மத்திய அரசு தனியாக அறிவித்த கோயில்களின் புதுப்பிப்புப் பணிக்கே கழிவு உண்டு, தெருக்கோயில் கும்பாபிஷேகத்துக்கு இல்லை.

கடைசியாக ரசீது. 2021-22 நிதியாண்டு முதல் வெறும் ரசீது போதாது. டிரஸ்ட் நம் பான் எண்ணுடன் நன்கொடை விவரத்தை வரித்துறைக்குத் தாக்கல் செய்து, 10பிஇ என்ற எண்ணில் நாம் அறிந்த சான்றிதழைத் தர வேண்டும். மே மாதக் கடைசிக்குள் அதைச் செய்வது வழக்கம். சிறிய டிரஸ்டுகள் மறந்து விடுகிறார்கள். ஜூன் முதல் வாரத்தில் ஆள் அனுப்பிக் கேட்டு வாங்கி, பான் எண்ணில் ஓர் எழுத்தும் மாறவில்லை என்று சரிபார்த்த பிறகு ஆடிட்டரிடம் கொடுங்கள்.