குடகின் இலை கடலுக்குப் போய்ச் சேருகிறதா?

ஜூன் 12 நெருங்கினாலே திருச்சியிலிருந்து பூம்புகார் வரை ஒரே பேச்சுதான்: மேட்டூரைத் திறப்பார்களா? இந்த முறை வாசகர் கடிதங்களில் இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. மருங்காபுரி வாசகர் கேட்கிறார்: "மழைக்காட்டின் கார்பனைக் காவிரி கடலில் கொண்டுபோய்ச் சேர்க்கிறதாமே, நல்லதுதானே?"

பாதிதான் சரி.

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் புதுத்தண்ணீர் வரும் நாளில் ஒரு சொம்பு மொண்டு வைத்தால், சற்று நேரத்தில் அடியில் வண்டல் படிந்துவிடும். அந்த வண்டலில் இலைத்துகள் ஒட்டியிருக்கிறது. மேலே நிற்கும் தண்ணீரில் மட்கிய சருகின் சாறு, டிகாஷன் மாதிரி, கரைந்திருக்கிறது. கூடவே பாறையை மழைநீர் அரித்ததில் வந்த பைகார்பனேட்டும் உண்டு. ஒரே சொம்பில் கார்பனுக்கு மூன்று வேடம்.

சிக்கல் நடுவழியில் இருக்கிறது. ஆற்றைக் குழாய் மாதிரி, ஒரு முனையில் விட்டது மறுமுனையில் வரும் என்றுதான் நெடுநாள் நினைத்தார்கள். ஆனால் ஆற்றிலுள்ள பாக்டீரியா அந்த இலைச்சாற்றைத் தின்று கரியமில வாயுவாக வெளியே விடுகிறது. தண்ணீர் அருவியாக விழுந்து நுரைக்கும் ஒகேனக்கல் போன்ற இடங்களில், குலுக்கிய சோடாவிலிருந்து போல, அந்த வாயு இன்னும் வேகமாகக் கிளம்பும். அமேசான் படுகையின் ஆறுகளும் வெள்ளக்காடுகளும் இப்படி ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டன் கார்பனைக் காற்றில் விடுவதாக 2002-ல் கணக்கிட்டார்கள். அதில் பெரும்பகுதி ஐந்து வயதுகூட ஆகாத கார்பன் என்று 2005-ல் தெரிந்தது. நேற்று காடு இழுத்த மூச்சை இன்று ஆறு விடுகிறது. உலக அளவில் நிலத்திலிருந்து நீர்நிலைகளில் இறங்கும் 190 கோடி டன்னில் கடலை எட்டுவது 90 கோடி டன்தான் என்பது 2007-ல் வந்த மதிப்பீடு.

இந்திய வன நிலை அறிக்கை 2023, நம் காடுகளில் 728.55 கோடி டன் கார்பன் இருப்பதாகச் சொல்கிறது. மரம், வேர், பட்ட மரம், சருகு, மண் என ஐந்து பத்திகள் அதில் உண்டு. மழையோடு இறங்கி ஆற்றில் போனதற்குப் பத்தி கிடையாது. இருப்பைச் சொல்லும் கணக்கு, போன வழியைச் சொல்வதில்லை. அதை மட்டும் காட்டி நிம்மதி அடைய முடியாது.

அணையும் இதில் உண்டு. 1934-லிருந்து மேட்டூரில் தேங்கும் தண்ணீரில் துகள் அடியில் படிகிறது. ஆக்சிஜன் தீர்ந்த சேற்றில் அது மீத்தேனாக மாறும். நூறாண்டுக் கணக்கில் அந்த வாயு கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும். நிலக்கரியைவிட நீர்மின்சாரம் பொதுவாக மேல்தான். ஆனாலும் "தூய மின்சாரம்" என்று அதிகாரிகள் சொல்லும்போது இந்தச் சேற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மற்ற கேள்விகள்.

2017-ல் மேட்டூர் அணையில் தூர்வாரி வயலுக்கு அள்ளிய வண்டல்? வயலில் காய்ந்தால் அதன் கார்பனில் ஒரு பங்கு காற்றுக்குத் திரும்பும்.

வங்கக் கடலில் புதைவது? கங்கை, பிரம்மபுத்திரா வண்டல் வேகமாகப் புதைவதால் அதிலுள்ள கார்பனில் பெரும்பகுதி காற்றுக்குத் திரும்பாமல் தப்புகிறது. காவிரி வண்டலையோ அணைகள் பிடித்துக்கொள்கின்றன.

பைகார்பனேட்? கடலில் பல்லாயிரம் ஆண்டு தங்கும்.

காவிரியே எட்டாத மருங்காபுரிக்கு இதில் என்ன? மழை கழுவிய மேல்மண் குளத்தில் படிகிறதே, அந்தச் சேற்றிலும் இதே வேலைதான் நடக்கிறது.