கம்பியில்லாச் செய்தி: கரையும் கடலும்

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் உருவானபோது, கன்னியாகுமரி மாவட்டத்தையும் கேரளத்தையும் சேர்ந்த மீனவர் பலர் கரையிலிருந்து வெகு தொலைவில் ஆழ்கடலில் இருந்தனர். கரையில் விடுக்கப்பட்ட எச்சரிக்கை அவர்களுள் பலரைச் சென்றடையவில்லை. பல படகுகளில் கம்பியில்லாக் கருவிகள் இருந்தன. ஆனால் அவற்றின் அலைகள் அவ்வளவு தொலைவு செல்வதில்லை. இதன் காரணத்தை அறிய, அலைகளின் இயல்பை அறிதல் வேண்டும்.

ஒரு கம்பியில் மின்னோட்டம் முன்னும் பின்னுமாக விரைந்து மாறும்போது அதைச் சுற்றி மின்காந்த அலைகள் எழுந்து வெளியில் பரவுகின்றன. மாக்ஸ்வெல் கணித வாயிலாகக் கூறிய இவ்வலைகளை ஹெர்ட்ஸ் 1888-ல் சோதனையில் மெய்ப்பித்தார். 1895-ல் ஜகதீஷ் சந்திர போஸ் கல்கத்தாவில் இவ்வலைகளைச் சுவர் ஊடே செலுத்தி மணியை ஒலிக்கச் செய்தார். அவர் தமது ஆய்வுகளில் கையாண்ட மில்லிமீட்டர் அளவிலான அலைகளின் பக்கம் செல்பேசித் துறை இப்போதுதான் திரும்பியிருக்கிறது என்பது எண்ணத்தக்கது.

எல்லா மின்காந்த அலைகளும் விநாடிக்கு சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்பவை. அதிர்வெண் கூடினால் அலைநீளம் குறையும். 1,000 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையின் நீளம் 300 மீட்டர். கப்பல்கள் அபாய அழைப்புக்குப் பயன்படுத்தும் 156.8 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 2 மீட்டருக்கும் குறைவு. பேச்சொலியை அப்படியே வெகு தொலைவு அனுப்ப இயலாது. ஆகவே உயர் அதிர்வெண் அலை ஒன்று ஊர்தியாகக் கொள்ளப்படுகிறது. அதன் வீச்சையோ அதிர்வெண்ணையோ பேச்சுக்கேற்ப மாற்றுவதே பண்பேற்றம். வாங்கும் கருவி ஊர்தியை விலக்கிப் பேச்சை மட்டும் பிரித்தெடுக்கிறது.

அலை எவ்வளவு தூரம் செல்லும் என்பது பெரிதும் அதன் நீளத்தைப் பொறுத்தது. மத்திய அலை தரையின் வளைவைத் தழுவிச் செல்லும். சிற்றலை வானில் உயரே உள்ள அயனி மண்டலத்தில் திரும்பிக் கண்டம் விட்டுக் கண்டம் இறங்கும்; ஆனால் பகலிரவுக்கும் பருவத்துக்கும் ஏற்ப அதன் போக்கு மாறுவதால் நம்பகம் குறைவு. படகுகளில் உள்ள மிகு உயர் அதிர்வெண் கருவியின் அலையோ ஏறக்குறைய நேர்கோட்டில் செல்கிறது. பூமி உருண்டை, அடிவானத்துக்கு அப்பால் அந்த அலை தலைக்கு மேலே சென்றுவிடும். கரையில் 100 மீட்டர் உயரக் கோபுரமும் படகில் 4 மீட்டர் உயர ஏரியலும் இருந்தால், கணக்குப்படி எட்டும் தூரம் சுமார் 49 கிலோமீட்டர். அதே உயர ஏரியல் கொண்ட இரு படகுகளுக்கிடையே இது 16 கிலோமீட்டரே. மின்திறனைப் பெருக்கினாலும் இந்த எல்லை அதிகம் விரிவதில்லை. செல்பேசிக்கும் ஏறத்தாழ இதே தடைதான்.

எனவே கோபுரத்தை விண்ணுக்கு உயர்த்துவதே வழி. நிலநடுக்கோட்டுக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு ஒத்துச் சுழலும் செயற்கைக்கோள், ஓரிடத்தில் நிலைத்து நிற்பதுபோல் தோன்றும். 1975-76-ல் ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சியைக் கொண்டு சென்ற சோதனையில் நாடு இதன் பயனைக் கண்டது.

கடலுக்கு இது வர நாளாயிற்று. 2019-ல் அறிமுகமான 'ஜெமினி' கருவி, செயற்கைக்கோள் வழியே வரும் புயல் எச்சரிக்கையை வாங்கி மீனவரின் செல்பேசிக்குத் தருகிறது. ஆனால் அது வாங்க மட்டுமே வல்லது. படகிலிருந்து பதில் அனுப்பாது. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் 2010 முதல் வழங்கிவந்த அபாய அறிவிப்புக் கருவியோ இதற்கு நேர் எதிரானது. அது அனுப்பும், அழைப்பு கரையை எட்டியதா என்பதை மீனவர் அறிய வழியில்லை. 36,000 கிலோமீட்டர் தாண்டிப் பேச்சை அனுப்பச் சிறிய மின்கலம் போதாது. ஆகவே தீ, படகு மூழ்குதல், மருத்துவ உதவி எனச் சில குறிப்புகளே சுருக்கமாக அனுப்பப்படும். 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட இரண்டாம் தலைமுறைக் கருவியில், அழைப்பு கிடைத்தது என்ற ஒப்புகை கரையிலிருந்து படகுக்குத் திரும்பி வருகிறது. வானிலை எச்சரிக்கைகளையும் அதே கருவி பெற்று, செல்பேசித் திரையில் மீனவரின் தாய்மொழியிலேயே காட்டுகிறது.