குளிர்காலக் காற்றும் விமானத் தரையிறக்கமும்: சிட்னி, மெல்பர்ன் காட்டும் பாடம்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான குளிர்காலத்தில் சிட்னி, மெல்பர்ன் நகரங்களுக்கான விமானங்கள் பலத்த காற்றினால் தாமதமாவதும் ரத்தாவதும் வழக்கமாகவே இருந்துவருகின்றன. மேகமே இல்லாத நாளிலும் விமானம் ஏன் வரவில்லை என்ற கேள்வி, காத்திருக்கும் பயணிகளுக்கு எழுவது இயல்பு.

இவ்விரு நகரங்களிலும் ஓடுபாதையில் பனி படிவதில்லை. அடர்த்தி மிகுந்த குளிர்ந்த காற்று, விமானம் மிதப்பதற்கு உதவவே செய்கிறது. சிக்கல் காற்றின் திசையில்தான் இருக்கிறது. குளிர்காலத்தில் உயர் அழுத்தப் பட்டை வடக்கே நகர்வதால், தென்கடலிலிருந்து வரும் குளிர்முகங்கள் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவைத் தொடர்ந்து கடக்கின்றன. அவற்றுடன் வரும் மேல்காற்று, மலைத்தொடரைத் தாண்டிக் கொந்தளிப்புடன் சிட்னியில் இறங்குகிறது.

சிட்னியின் இரு இணை ஓடுபாதைகளும் ஏறத்தாழ வடக்கு தெற்காக அமைந்தவை. எனவே மேல்காற்று அவற்றுக்குக் குறுக்கே வீசுகிறது. பக்கவாட்டுக் காற்று 20 நாட், அதாவது மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால், கட்டுப்பாட்டாளர்கள் பொதுவாக அந்த ஓடுபாதைகளை ஒதுக்குவதில்லை. கிழக்கு மேற்கான ஒரே ஓடுபாதையை எல்லா விமானங்களும் பகிர்ந்துகொள்ள நேர்கிறது. மெல்பர்னில் குளிர்முகத்துக்கு முன் பலத்த வடக்குக் காற்று வீசும்போதும், குறுக்கே வெட்டும் இரு ஓடுபாதைகளில் ஒன்றை மட்டுமே நம்ப வேண்டியுள்ளது.

பக்கக் காற்றில் இறங்கும் விமானி, மூக்கைக் காற்றின் பக்கம் சற்றுத் திருப்பி வந்து, தரையைத் தொடும் தருணத்தில் ஓடுபாதைக்கு நேராக்குகிறார். அப்போது எதிர்க்காற்று திடீரெனக் குறைந்தால் தூக்குவிசையும் குறைந்து, விமானம் வேகமாகக் கீழிறங்கும். அத்தகைய நிலையில் தரையிறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலெழுவதே பாதுகாப்பான வழி.

2024 நவம்பர் 30 ஆம் தேதி, ஃபெஞ்சல் புயலின்போது சென்னையில் தரையிறங்க முயன்ற இண்டிகோ விமானம் ஒன்று, காற்றில் தள்ளாடியதும் உடனே மேலெழுந்து தப்பியது. மாறாக, 2020 ஆகஸ்ட் 7 ஆம் தேதி கோழிக்கோட்டில் மழைக்கிடையே, பின்னாலிருந்து வீசிய காற்றுடன் இறங்கிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்தது. 21 பேர் உயிரிழந்தனர். துணை விமானி மேலெழும்படி கூறிய பின்னரும் தரையிறக்கம் தொடரப்பட்டதை விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது.

இவ்விரு நிகழ்வுகளிலும் காற்று அபாயத்தை உண்டாக்கியது. ஆனால் முடிவைத் தீர்மானித்தது விமானியறையில் எடுக்கப்பட்ட தெரிவு. பெரிய ஜெட் விமானங்கள் 20 நாட்டுக்கும் கூடுதலான பக்கக் காற்றைத் தாங்கவல்லவை. ஆயினும் அந்த எல்லையை நெருங்கவிடாமல் முன்கூட்டியே நிறுத்துவதுதான் ஆஸ்திரேலிய விதியின் நோக்கம். சிட்னியில் பயணிகள் இழக்கும் சில மணிநேரம், அந்தப் பாதுகாப்புக்குக் கொடுக்கப்படும் விலையே.