படி தாண்டிய நாள்

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. காலை 7 மணிக்கே கோயம்புத்தூரில் என் ஓட்டைப் போட்டுவிட்டு, பல்லடத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊருக்குப் பஸ் ஏறினேன். இறங்கியதும் ஊர் அமைதியாக இருப்பதுதான் முதலில் உறைத்தது. இரவு பகலாகத் தடதடக்கும் விசைத்தறிகள் நின்றிருந்தன. வாக்குப்பதிவு நாளில் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை தரவேண்டும் என்பது சட்டம். தறி ஓடாத அந்த ஒரு நாளில், எவர் வீட்டிலோ கடுகு வெடிப்பதுகூடத் தெருவுக்குக் கேட்டது.

அம்மிச்சி, என் அம்மாவின் அம்மா, திண்ணையில் தயாராக உட்கார்ந்திருந்தாள். வயது 87. பெட்டியிலிருந்து எடுத்த நூல்சேலை, எண்ணெய் வைத்துச் சீவிய கொஞ்சமே கொஞ்சம் முடி, மடியில் வாக்காளர் அட்டை. 85 வயதைத் தாண்டியவர்கள் வீட்டிலிருந்தபடியே வாக்களிக்கலாம் என்று தேர்தல் ஆணையம் அந்தத் தேர்தலில் வழி செய்திருந்தது. விண்ணப்பித்தால் அலுவலர்களே சீட்டோடு வீடு தேடி வருவார்கள். மாமா படிவம்கூட வாங்கி வைத்திருந்தார். அம்மிச்சி அதைத் தொடவில்லை.

"ஊட்டுக்குள்ளயே உக்கோந்து போடறதுக்குப் பேரு ஓட்டா கண்ணு? அந்த ஒரு நாளாச்சும் ஊட்ட உட்டு வெளிய போறதுக்குத்தான அது."

தேர்தலைப் பற்றி நான் படித்த எதிலும் இப்படி ஒரு விளக்கம் இல்லை. ஆனால் அவள் வாழ்ந்த வீட்டை அறிந்தவர்களுக்கு அது புரியும்.

அம்மிச்சி இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தது 1957இல். அப்போது இது வானம் பார்த்த பூமி. அடுப்பில் ஏறியது பெரும்பாலும் கம்பும் சோளமும் ராகியும்தான். விடியுமுன் உரலில் கம்பு குத்த வேண்டும். கொஞ்சம் தண்ணீர் தெளித்து, உமி போகக் குத்திப் புடைத்து, மறுபடி குத்தி, கொதிக்கும் உலையில் கொட்டித் துழாவ வேண்டும். கம்மஞ்சோறு இறுகி வரும்போது துடுப்பை இழுப்பதற்குத் தோளில் வலு வேண்டும். பிறகு கட்டுத்தரை, காடு, கிணறு, மறுபடி அடுப்பு. நெல்லஞ்சோறு நோம்பிக்கும் விருந்தாளிக்கும் மட்டும். இட்லிக்கு ஆட்டுக்கல்லைக் கழுவுவது தீபாவளிக்குத்தான். எழவுக்கும் கல்யாணத்துக்கும் வெளியே போவாள், ஆனால் அங்கும் அடுப்படி வேலை காத்திருக்கும். வேலை எதுவும் காத்திராத இடங்கள் இரண்டே. ஒன்று ஓட்டுச்சாவடி, மற்றது டூரிங் கொட்டாய்.

அவள் அதிகம் பேசும் தேர்தல் 1967 பிப்ரவரியில் நடந்தது. சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் சேர்த்து இரண்டு சீட்டு. அரிசித் தட்டுப்பாட்டுக் காலம் அது. "ரூபாய்க்கு மூன்று படி அரிசி" என்ற தி.மு.க.வின் வாக்குறுதி, கம்பு குத்திச் சலித்த கைகளுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்பதை நான் அவளிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். நகரத்தில் அது விலைவாசிப் பிரச்சினை. எங்கள் ஊரில் அது உலக்கையைக் கீழே வைக்கலாம் என்கிற நம்பிக்கை. ஆட்சி மாறியபின் ரூபாய்க்கு ஒரு படி என்று சென்னையிலும் கோவையிலும் மட்டும் தொடங்கினார்கள். எங்கள் ஊருக்கு அப்போது அது எட்டவில்லை. அதை இன்றும் குறையாகச் சொல்வாள்.

ஓட்டு நாளில் அவள் எழுந்தது 3 மணிக்கு. அன்று அரிசியும்பருப்பும். கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சின்ன வெங்காயமும் பூண்டும் சீரகமும் வரமிளகாயும் எண்ணெயில் வதங்க, துவரம்பருப்பையும் அரிசியையும் ஒன்றாகப் போட்டு மஞ்சள் தூவி, ஒரே போசியில் குழைய வேகவைப்பது. தேங்காய் இருந்தால் துருவிப் போடலாம். தனியாகக் குழம்பு வேண்டாம், பொரியல் வேண்டாம். வீட்டுப் பெண்ணுக்கு எங்காவது போக வேண்டியிருக்கும் நாளுக்கென்றே யாரோ ஒரு பெண் கண்டுபிடித்த சோறு என்பது என் எண்ணம். விருந்துக்கென்று வைத்திருந்த அரிசியை அன்று எடுத்ததற்கு மாமியார் முணுமுணுத்தாளாம். "ஓட்டு அஞ்சு வருசத்துக்கு ஒருக்காத்தானுங்" என்றாளாம் அம்மிச்சி.

தணலை விலக்கி, போசியை மூடிவைத்துவிட்டு, வளவுப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒன்றாகக் கிளம்புவார்கள். பள்ளிக்கூடம் இரண்டு மைல். வேட்பாளர்கள் வண்டி வைத்து வாக்காளர்களை ஏற்றிப் போகக்கூடாது என்று சட்டம் அப்போதே இருந்தது. இருந்தாலும் மாட்டுவண்டிகள் வந்து நிற்கும். இவர்கள் ஏறமாட்டார்கள். சட்டத்துக்குப் பயந்து அல்ல, நடந்தால்தான் பேசிக்கொண்டு போகலாம் என்று. பெண்கள் வரிசை தனி. மருமகள்கள் மாமியார்களைப் பற்றியும், மாமியார்கள் மருமகள்களைப் பற்றியும், எட்டடி தள்ளி நின்று பேசிக்கொள்கிற வரிசை. அங்கே யாரும் யாரையும் "உலை வெச்சாச்சா" என்று கேட்கவில்லை.

அம்மிச்சி வீட்டைவிட்டு இறங்கும்போதே, அவள் கணவரான அப்பிச்சி "மாட்டுல குத்து" என்று சொல்லி அனுப்பியிருந்தார். காங்கிரசின் சின்னம் அப்போது இரட்டைக் காளை. உழவர் வீட்டில் அதை மாற்றிக் குத்துவது பாவம்போலப் பேசப்பட்டது. கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர். இருந்த சுவரொட்டியோ அந்த மாதம் ஊரூராக ஒட்டப்பட்டிருந்தது. ஜனவரி 12ஆம் தேதி அவர் சுடப்பட்டிருந்தார். அந்தப் படத்தைப் பார்த்து வளவில் அழாத பெண் இல்லை. அம்மிச்சி மறைப்புக்குப் பின்னால் போய், முத்திரைக் கட்டையை மையில் தொட்டு, குத்தி, மை மறுபக்கச் சின்னத்தில் ஒட்டிவிடாமல் சீட்டை மடித்துப் போட்டாள். மடிக்கும் விதத்தை முந்தின நாள் வாழையிலை நறுக்கில் பழகினாளாம், ஓட்டு செல்லாமல் போய்விடக்கூடாதே என்று.

எதில் குத்தினாள்? அப்பிச்சி கேட்டார். பிறகு மகன்கள் கேட்டார்கள். நான் நூறுமுறை கேட்டிருக்கிறேன். சொன்னதில்லை. அந்த வீட்டில் பானையில் எத்தனை படி தானியம் இருக்கிறது, மடியில் எத்தனை காசு முடிந்திருக்கிறாள், எல்லாம் எல்லோருக்கும் தெரியும். இது ஒன்றுதான் அவளுக்கு மட்டும் தெரிந்தது.

அன்று இரவு கொட்டாயில் ரெண்டாவது ஆட்டம் பார்க்கப் போனார்கள். இந்தப் பக்கத்துக்காரர்கள் கொஞ்சம் பெருமையோடு நினைக்கலாம், கூடாரம் அடித்து ஊரூராகப் படம் காட்டும் வழக்கத்தை இங்கே தொடங்கிவைத்தவர் கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட். ரயில்வேயில் வேலை பார்த்தவர், 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கிக்கொண்டு புறப்பட்டார். 1914இல் அவர் கட்டிய வெரைட்டி ஹால் பெயரில்தான் கோயம்புத்தூரில் இன்றும் ஒரு சாலை இருக்கிறது.

எங்கள் ஊர்க் கொட்டாய் ஆற்றுமணல் பரப்பிய தரையும் கீற்றுக் கூரையும் கொண்டது. இருட்டினால்தான் படம் தெரியும், ஆகவே பகல் ஆட்டம் கிடையாது. ஒலிபெருக்கியில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு கேட்டால் டிக்கெட் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அது இரண்டு மைல் தூரம் வரும். கேட்டதும் ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். நடுவில் இடுப்பளவு சுவர், ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். மணலைக் கூட்டிக் குவித்து உயரமாக்கி உட்கார்ந்தால் பின்னால் இருப்பவள் திட்டுவாள். ஒரே புரொஜெக்டர், சுருள் மாற்றும்போதெல்லாம் விளக்கு எரியும், முறுக்குத் தட்டு நுழையும். டவுனில் ஓடி முடித்து வெகுகாலம் கழித்துத்தான் படம் இங்கே வரும். 'எங்க வீட்டுப் பிள்ளை' 1965 பொங்கலுக்கு வந்த படம், அம்மிச்சி பார்த்தது அந்த 1967 ஓட்டு ராத்திரியில். திரையில் எம்.ஜி.ஆர். சவுக்கை எடுத்தபோது பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த சத்தத்தில் கூரையே ஆடியது என்பாள். காலையில் போட்ட ஓட்டும் ராத்திரி போட்ட சத்தமும் அவளுக்கு வேறு வேறு இல்லை. திரும்பிவந்து, ஆறிப்போன அரிசியும்பருப்பில் தயிரை ஊற்றிப் பிசைந்து, நிலா வெளிச்சத்தில் திண்ணையில் உட்கார்ந்து தின்றதுவரை ஒரே நாளாகச் சொல்வாள்.

மாற்றங்கள் அதன்பின் வந்தன. ஒவ்வொன்றும் எப்போது வந்தது என்று எனக்குத் தெரிந்தாலும் அம்மிச்சி அவற்றை அடுப்படியை வைத்தே கணக்கிடுகிறாள். 1982இல் பள்ளிக்கூடத்தில் சத்துணவு வந்தது, பேரப்பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு கட்டும் வேலை குறைந்தது. பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலும் ரேசன் அரிசியும் கம்பை ஓரங்கட்டின. 2001இல் தமிழ்நாடு முழுக்க ஓட்டு எந்திரத்துக்கு மாறியது. அதுதான் என் முதல் ஓட்டு. பீப் சத்தம் கேட்டதும் வெளியே வந்த அம்மிச்சி, "மடிக்கிற வேல இல்லை" என்றாள், ஏதோ இழந்ததுபோல.

2006 தேர்தலுக்குப் பின் அரசாங்கத்தின் இலவசக் கலர் டிவி வந்தது. கொட்டாய் அதற்கு முன்பே, கேபிள் வந்த கையோடு பிரிக்கப்பட்டுவிட்டது. 2011 தேர்தலுக்குப் பின் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. கிரைண்டர் 1955இல் கோயம்புத்தூரில் பிறந்த பொருள்தான். ஆனால் முப்பது மைல் கடந்து அம்மிச்சியின் அடுப்படிக்கு வர அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இலவசங்களைக் கேலி பேசுபவர்கள் அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மாவு தானாகச் சுழல்வதைச் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "இது முப்பது வருசத்துக்கு முன்னால வந்திருந்தா என்ற தோளு இப்பிடி ஆயிருக்காதுல்ல" என்றாள். அம்மியில் அரைத்த ருசியைப் பற்றி நானும் பேசியவள்தான். அதன்பின் பேசுவதில்லை.

அதே நேரம் வேறொன்று நடந்தது, நாங்கள் கவனிக்காமலே. வேலை குறைந்த பெண்களுக்கு வெளியே போகும் காரணங்களும் குறைந்தன. படம் வீட்டுக்குள் வந்தது. செல்போனில் சாப்பாடு வீட்டுக்கு வருகிறது. ஓட்டும் வீட்டு வாசலுக்கு வர ஆயத்தமாகிவிட்டது. முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி, சந்தேகமே இல்லை. ஆனால் பத்துப் பன்னிரண்டு பேராக இரண்டு மைல் நடந்த அந்த வளவில் இப்போது ஒரு வீட்டுப் பெண்ணுக்கு அடுத்த வீட்டில் என்ன குழம்பு என்று தெரிவதில்லை. எனக்கு இதில் மெய்யாகவே வருத்தம் உண்டு.

அம்மிச்சியைக் காரில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனோம். சாய்தளம் இருந்தது, சக்கர நாற்காலி இருந்தது. முதியவர் என்று வரிசையில் முன்னே விட்டார்கள். அவள் சம்மதிக்கவில்லை. பெண்கள் வரிசையிலேயே நாற்காலியை நிறுத்தச் சொல்லி, முன்னால் நின்ற பெண்ணிடம் யார் மருமகள் என்று விசாரித்தாள். இடது ஆட்காட்டி விரலில் மை. மறைப்புக்குள் நான் வரவேண்டாம் என்று கை காட்டினாள். ஒப்புகைச் சீட்டு கண்ணாடிக்குள் 7 விநாடி தெரியும். அவள் அங்கே அதற்கும் மேலே நேரம் எடுத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் கேட்டாள். "சினிமாவுக்குப் போலாமா அம்மிணி?"

வாக்குப்பதிவை ஒட்டித் தமிழ்நாட்டுத் திரையரங்குகள் அன்று காட்சிகளை ரத்து செய்திருந்தன. மாமா பையன் செல்போனை நீட்டி, எந்தப் படம் வேண்டும், இப்போதே போடுகிறேன் என்றான். அவள் அதை வாங்கவில்லை. கொட்டாய் இருந்த இடத்துக்குப் போகச் சொன்னாள்.

அங்கே இப்போது ஒரு தறிக்கூடம். ஓடாத தறிகள், பூட்டிய கதவு, பக்கத்தில் வேலைக்கு வந்தவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். கார்க் கண்ணாடியை இறக்கி, இங்கே திரை, இங்கே சுவர், இங்கே நாங்கள் என்று காட்டினாள். வீட்டு வாசலில் ஓர் இளம்பெண் குழந்தையோடு நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒடிசாவிலிருந்து வந்தவள். அம்மிச்சி தன் விரலை உயர்த்திக் காட்டி, "போட்டாச்சா?" என்றாள். அந்தப் பெண் மையில்லாத விரலைக் காட்டிச் சிரித்தாள். "ஊர்ல அக்கா. அடுத்த மாசம்." போவாளா என்றதற்கு, குழந்தையைப் பார்த்துவிட்டுத் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தாள். லீவு இல்லையோ, ரயிலுக்குக் காசு இல்லையோ. இந்த ஊருக்கு வந்து எத்தனை நாள் என்று அம்மிச்சி கேட்டாள். எட்டு மாதம். இதுவரை எங்கே போயிருக்கிறாள்? தறியைக் காட்டினாள், வீட்டைக் காட்டினாள்.

"மத்தியானம் என்ற ஊட்டுக்கு வா. கோயல் பக்கத்துல, சிமெண்டுத் திண்ண. அரிசியும்பருப்பும் ஆக்கியிருக்குது."

அந்தப் பெண்ணுக்கு இதில் எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. ஒரு மணி வாக்கில் வந்தாள். கூடவே அந்த வரிசை வீடுகளிலிருந்து இன்னும் இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு, நடந்தே வந்தாள்.