சாளேஸ்வரக் கண்ணாடி முதல் ஃபேன் சுவிட்ச் வரை: தேனிக்காரர்கள் திருப்பிக் கொடுக்கும் அழகு தெரியுமா?

தேனி மாவட்டத்துப் பாலார்பட்டியில் பொங்கல் பானை யாருக்காகப் பொங்குகிறது தெரியுமா? சூரியனுக்கு, சரி. மாட்டுக்கு, அதுவும் சரி. கூடவே, 1911-ல் இறந்துபோன ஓர் ஆங்கிலேயப் பொறியாளருக்கும்! கர்னல் ஜான் பென்னிகுயிக் பிறந்த நாள் ஜனவரி 15. பொங்கலை ஒட்டியே பிறந்திருக்கிறார் மனிதர்! மேற்கே ஓடி அரபிக்கடலில் விழுந்துகொண்டிருந்த பெரியாற்றை மறித்து 1895-ல் முல்லைப் பெரியாறு அணையை முடித்தார். மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் கிழக்கே இறங்கியது. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இன்றைக்கும் இருபோகம் விளைகிறது. அதற்குப் பதிலாக ஒரு படி பச்சரிசி, ஒரு அச்சு வெல்லம், பிறந்த பிள்ளைக்கு அவர் பெயர், டீக்கடைச் சுவரில் அவர் படம். லோயர் கேம்ப்பில் அரசு மணிமண்டபம் வந்தது 2013-ல்தான். அதற்கு வெகுகாலம் முன்பே சனங்கள் வீட்டுச் சுவரில் மணிமண்டபம் கட்டிவிட்டார்கள்!

இப்படி நன்றி சொல்லத் தெரிந்த மண்ணில், சின்னச் சின்னக் காரியங்கள் சேர்ந்து என்னவெல்லாம் ஆகியிருக்கிறது என்று பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. கண்ணை மட்டும் எடுத்துக்கொள்வோமே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறை சும்மா கிடக்கிறது. அதற்கு என்ன மதிப்பு தெரியுமா? பல பேருடைய பார்வை! மதுரையில் 1976-ல் வெறும் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார் டாக்டர் கோ. வெங்கடசாமி. பணி ஓய்வு பெற்றபின், 58 வயதில்! முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போயிருந்த அந்தக் கைகள் தம் வாழ்நாளில் செய்த கண் அறுவைகள் ஒரு லட்சத்துக்கும் மேல். 1985-ல் தேனிக்கும் ஒரு கிளை வந்தது. அங்கேதான் உள்ளூர்க்காரர்களின் பங்கு வருகிறது. டாக்டர்களும் கருவிகளும் மருத்துவமனையிலிருந்து வந்துவிடும். ஆனால் முகாம் என்றால் இடம் வேண்டும், பெஞ்சு வேண்டும், ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொல்ல ஆள் வேண்டும், வந்த டாக்டர்களுக்குச் சாப்பாடு வேண்டும், தட்டுத்தடுமாறி வரும் பாட்டியைக் கைபிடித்து வரிசையில் உட்கார வைக்க ஒருத்தர் வேண்டும். இதையெல்லாம் ஏற்றுக்கொள்வது யார்? அரிமா சங்கம், ரோட்டரி, வங்கி, கம்பெனி, சில நேரம் அப்பா நினைவு நாளை அனுசரிக்கும் ஒரு குடும்பம்! கண்புரை முற்றியவர்களை அங்கிருந்தே பஸ்ஸில் ஏற்றிப்போய், அறுவை செய்து, லென்ஸ் வைத்து, சாப்பாடு போட்டு, திரும்பவும் ஊரில் கொண்டுவந்து விடுவார்கள். முகாமுக்கு வந்தவரிடம் காசு வாங்குவது கிடையாது. அந்தக் குட்டி லென்ஸை 1992-லிருந்து மதுரையிலேயே ஆரோலேப் தயாரிக்கிறது. வெளிநாட்டு லென்ஸ் அன்றைக்கு ஏழைக்கு எட்டாத விலை!

அரிமா சங்கங்கள் ஏன் இவ்வளவு ஆசையாகக் கண்ணைப் பிடித்துக்கொண்டன? 1925-ல் அமெரிக்காவில் நடந்த அவர்கள் மாநாட்டில், பார்வையும் செவியும் இல்லாத ஹெலன் கெல்லர் வந்து நின்று, பார்வையில்லாதவர்களுக்குக் கைகொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். நூறு வருடம் முன்னால் ஒரு பெண் விடுத்த வேண்டுகோள், கம்பம் ரோட்டில் ஆட்டோ மைக்காக ஒலிக்கிறது!

இதைவிடவும் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. எனக்குப் பிடித்தது இதுதான். உலகத்துக்கே பாடம் சொன்ன ஒரு வைஃபை வலை இந்தப் பள்ளத்தாக்கில்தான் ஓடியது, தெரியுமா? கண் சிவந்திருக்கிறது என்று தேனிக்கு ஒரு நடை போனால் பஸ் காசோடு ஒரு நாள் கூலியும் போகும். அதனால் அம்பாசமுத்திரம் (நெல்லைச் சீமையில் இருப்பது இல்லை, தேனிக்குப் பக்கத்து ஊர்), போடி, சின்னமனூர் போன்ற ஊர்களில் அரவிந்த்காரர்கள் சிறிய பார்வை மையங்களைத் திறந்தார்கள். சுற்று ஊர்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண் பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். தேனியில் இருக்கும் டாக்டர் திரையில் நோயாளியோடு பேசுவார். இணைய வசதி சரியில்லாத காலம் அது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகமும் இன்டெல் நிறுவனமும் கைகொடுத்தன. 2006 வாக்கில் ஐந்து மையங்கள் இணைந்திருந்தன.

இதில் சூட்சுமம் எங்கே இருக்கிறது பாருங்கள்! சாதாரண வைஃபை வீட்டுக்குள் வேலை செய்யப் பிறந்தது. ஒரு துண்டுத் தகவலை அனுப்பிவிட்டு, ‘வந்து சேர்ந்தது’ என்ற பதிலுக்குக் கண்ணிமைக்கும் நேரம்கூடக் காத்திருக்காது. கிலோமீட்டர் கணக்கில் தூரம் போனால் பதில் வரத் தாமதமாகும். தகவல் தொலைந்துவிட்டது என்று எண்ணி மறுபடி மறுபடி அனுப்பும். ஒரே கோபுரத்தில் இரண்டு மூன்று ஆன்டெனா இருந்தால் ஒன்றின் பேச்சில் ஒன்று குறுக்கே விழும். ‘இப்போது நீ பேசு, இப்போது நீ கேள்’ என்று நேரம் பிரித்துக் கொடுக்கும் மென்பொருளைப் பெர்க்லிக்காரர்கள் எழுதினார்கள். விலை குறைந்த கருவியே தெளிவாகப் படம் காட்டியது! பெரிய எதிரி தூரம் இல்லை, மின்சாரம். ஏறி இறங்கும் வோல்டேஜ் வைஃபை பெட்டிகளைப் பொசுக்கியது. அதைப் பக்கத்திலிருந்து கவனித்து, மாற்றி, மறுபடி ஓட வைக்க உள்ளூர்ப் பணியாளர்கள் பழகிக்கொண்டார்கள். இன்றைக்கு அரவிந்தின் பார்வை மையங்கள் நூறைத் தாண்டிவிட்டன.

கம்பெனி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேதி. 2013-ம் வருடக் கம்பெனிச் சட்டப்படி, 5 கோடி ரூபாய் லாபமோ 1000 கோடி விற்பனையோ 500 கோடி நிகர மதிப்போ உள்ள நிறுவனங்கள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். நல்ல சட்டம். ஆனால் நம் ஊர்க் கடைக்கும் கிடங்குக்கும் அந்த வரம்பு எங்கே எட்டும்? எட்டவே வேண்டாம், சின்னக் காரியமே போதும்!

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறீர்களா? பச்சையா, வெளுத்ததா, வெடித்ததா, பூச்சி அரித்ததா என்று ஒவ்வொரு காயாகக் கண்ணால் பார்த்துக் கையால் ஒதுக்குகிறார்கள். நாற்பதைத் தாண்டியதும் சாளேஸ்வரம் வரும். ஊசியில் நூல் கோக்க முடியாது, காய் மங்கலாகத் தெரியும். ‘வயசாகிவிட்டது, வேகம் போய்விட்டது’ என்பார்கள். போனது வேகம் இல்லை, பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும் பார்வை! அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயது தாண்டிய 751 தொழிலாளர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2018-ல் வெளியானது. சாளேஸ்வரக் கண்ணாடி போட்டவர்கள், போடாதவர்களைவிடச் சுமார் 21.7 சதவீதம் கூடுதலாகப் பறித்தார்கள். ஐம்பது தாண்டியவர்களிடம் அது 31.6 சதவீதம்! ஒரு கண்ணாடியில்! முதலாளிக்கும் லாபம், அந்த அம்மாவுக்கும் கூலி, சாயங்காலம் பேத்தியின் பள்ளிக்கூட நோட்டும் தெரியும். ஏலக்காய்க் கிடங்கு, தையல் கூடம், மசாலாக் கம்பெனி வைத்திருக்கிற ஐயாமார்களே, அம்மாமார்களே, வருடம் ஒரு காலைப் பொழுது ஒரு கண் பரிசோதனை வைத்துப் பாருங்களேன்!

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லக் கொஞ்சம் தயக்கம், ஆனால் சொல்லியே ஆக வேண்டும். வீட்டில் ஒரு பெரியவர் கண்ணை மூடிவிட்டார். அழுகைச் சத்தம். அப்போதும் ஆறு மணி நேரம் இருக்கிறது, தெரியுமா? அதற்குள் கருவிழியை எடுத்துவிட்டால் இரண்டு பேருக்குப் பார்வை கிடைக்கலாம். சர்க்கரை இருந்ததா, ரத்த அழுத்தமா, கண்ணாடி போட்டிருந்தாரா, கண்புரை ஆபரேஷன் ஆனதா, எதுவும் பெரும்பாலும் தடை இல்லை. அவர் எழுதிக் கொடுத்திருக்கவும் வேண்டாம், வீட்டார் சம்மதம் போதும். கூப்பிட்டால் கண் வங்கிக்காரர்கள் வீட்டுக்கே வருவார்கள், கால் மணி, இருபது நிமிடத்தில் முடித்துவிடுவார்கள், முகம் விகாரப்படாது. அவர்கள் வரும்வரை செய்ய வேண்டியது இவ்வளவுதான்: தலைக்குக் கீழே ஒரு தலையணை, இமைகளை மூடி மேலே ஈரப் பஞ்சு, கருவிழி காய்ந்துவிடாமல் இருக்க ஃபேனை நிறுத்துவது. அழுதுகொண்டிருக்கும் பெரியவர்களுக்கு அது ஞாபகம் வராது. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று எழுந்துபோய் அந்தச் சுவிட்சை அணைக்கலாம்.