ஒளி காட்டாத கணினித் திரை

பழைய கணினியைக் கைவிடாது வைத்திருக்கும் பள்ளிகளில், பின்புறம் பருத்த கண்ணாடிக் குழாய்த் திரைகளை இன்றும் காணலாம். பொத்தானை அழுத்தியும் படம் தோன்றாவிடின், ‘கெட்டுவிட்டது’ என்று தீர்ப்புக் கூறி மூலையில் தள்ளிவிடுவோர் பலர். அவ்வாறு தள்ளப்படுவனவற்றுள் பழுதில்லாதனவும் உண்டு. பழைய மாணவர் பதிவுகளும் வினாத்தாள்களும் அக்கணினியிலேயே அடங்கிக் கிடக்குமாயின் இழப்புப் பள்ளிக்கே. மற்றொருபுறம், ஆராயும் ஆர்வத்தால் பெட்டியைக் கழற்ற முற்படுவோர்க்கு உயிருக்கே இடர் நேரலாம்.

‘மானிட்டர்’ என்னும் பெயரை நோக்குக. எச்சரித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரினின்று பிறந்தது அது. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை எனப்பட்டவனையும் ஆங்கிலப் பள்ளியார் இச்சொல்லாலேயே அழைத்தனர். சென்னையில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியொன்றை நடத்திய ஆண்ட்ரு பெல், 1797-இல் இலண்டனில் வெளியிட்ட நூலின் வாயிலாக அம்முறையை அங்கும் பரப்பினார். ஆசிரியர் சொன்னதையே சட்டாம்பிள்ளை வகுப்பிற்குச் சொல்வான்; கணினி அனுப்புவதையே திரையும் காட்டும். ஆகவே, படம் வாராதபோது முதலில் எழ வேண்டிய வினா, சட்டாம்பிள்ளை ஊமையானானா, ஆசிரியரே வாய் திறக்கவில்லையா என்பதே.

இக்குழாயை 1897-இல் அமைத்தவர் செருமானிய அறிஞர் பெர்டினாண்டு பிரவுன். குழாயின் கழுத்திலுள்ள சிறு கம்பி பழுக்கக் காய்ந்து மின்னணுக்களை வெளிவிட, வண்ணத் திரைகளில் ஏறத்தாழ 25,000 வோல்ட்டு மின்னழுத்தம் அவற்றை முகப்பை நோக்கி ஈர்க்கிறது. அங்குப் பூசிய பொருளில் அவை மோத, ஒளி பிறக்கிறது. கம்பி காய்வதற்குச் சில நொடிகளேனும் வேண்டும். முதுமையடைந்த குழாய்க்கு இன்னும் மிகுதியாக வேண்டும். அழுத்திய உடனே ஒளியில்லை என்று மீண்டும் மீண்டும் அணைத்து ஏற்றுவது தகாது. அரை நிமிடமாவது பொறுத்திருத்தல் வேண்டும். ஒளியளவைக் குறைத்து வைத்துவிட்டு மறந்தவர்களும் உளர். அதனையும் கூட்டிப் பார்க்க.

அடுத்து, முகப்பிலுள்ள சிறு விளக்கை நோக்க வேண்டும். அது எரியவில்லையெனின் மின்சாரமே உள்ளே செல்லவில்லை. சுவர்ச் சுவிட்ச், மூன்று முனைப் பிளக்கினுள் இருக்கும் பியூஸ், மின்கம்பி இவற்றை ஆராய்க. திரையின் மின்கம்பியும் கணினிப் பெட்டியின் மின்கம்பியும் பெரும்பாலும் ஒரே வகையினவாதலின், இரண்டையும் பிடுங்கி மாற்றிச் செருகினாலே உண்மை விளங்கிவிடும். விளக்குப் பச்சையாக இன்றி மஞ்சளாக நின்றால், பல திரைகளில் அதற்குப் பொருள், ‘எனக்குச் செய்தி வரவில்லை, உறங்குகிறேன்’ என்பதாம்.

இந்நிலையில் செய்யத்தக்க சோதனைகளுள் சிறந்தது ஒன்றுண்டு. திரைக்கு மின்சாரம் இருக்கையிலேயே, கணினியின் பின்னே செருகிய 15 ஊசிச் செருகியை மட்டும் கழற்றிவிடுக. 1990-களின் பிற்பகுதியிலும் அதன் பின்னும் வந்த திரைகள் பலவற்றில், செய்தி இல்லை என்னும் பொருள்படச் சிறு கட்டம் ஒன்று தோன்றும். தோன்றின் திரை நலமாக உள்ளது. குறை கம்பியிலோ கணினியிலோ உள்ளது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று பயிற்சிக் கல்லூரியில் நமக்குப் புகட்டியது பாடம் நடத்துவதற்கு மட்டுமா?

கழற்றிய செருகியின் ஊசிகளையும் உற்றுப் பார்க்க. 9-ஆம் ஊசி இல்லாதது கண்டு திகைக்க வேண்டா. பல செருகிகளில் அது இயல்பாகவே இராது. 1, 2, 3 ஆகியவை முறையே சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றைச் சுமப்பவை. நீலம் தடைப்பட்டால் வெண்மை மஞ்சளாகும்; ஆனால் படம் முற்றும் மறையாது. 13, 14 ஆகிய ஊசிகளோ படத்தின் கிடைவரிசைக்கும் நெடுக்கிற்கும் தாளம் கொடுப்பவை. அவை வளைந்தோ ஒடிந்தோ இருப்பின் திரை உறங்கிவிடக்கூடும். வளைந்த ஊசியைச் சிறு குறட்டால் மெல்ல நிமிர்த்தலாம்.

இனிக் கணினி. விசைப்பலகையின் ‘நம் லாக்’ விசையை அழுத்த அதன் விளக்கு மாறி மாறி எரிந்தால் கணினி இயங்குகிறது எனலாம். படச் செருகுவாய்கள் இரண்டு இருந்தால் மற்றொன்றில் மாற்றிச் செருகிப் பார்க்க. விளக்கு மாறாது, பெட்டியும் விட்டு விட்டு ஒலி எழுப்பினால், நினைவகத் தகடு தன் இடத்தில் சரியாக அமரவில்லை என ஐயுறலாம். மின்கம்பியைப் பிடுங்கிய பின் தகட்டைக் கழற்றி, பொன்னிற முனைகளைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்துத் துகள் போக்கிச் செருகுவது எளிய மருந்து. நம் நாட்டு ஈரக்காற்றில் இது பயன் தருவதைப் பலர் அறிவர்.

தொடக்கத்தில் எழுத்துகள் தோன்றி, விண்டோஸ் எழும் நேரத்தில் படம் மறையின், அது வேறு கதை. திரையால் தாங்கவியலாத வேகத்தில் படம் அனுப்பப்படுகிறது. விண்டோஸ் எக்ஸ்பி போன்ற பழையவற்றில் தொடக்கத்திலேயே எப்-8 விசையை அழுத்திப் பாதுகாப்பு முறையில் நுழைந்து, அளவைக் குறைத்து அமைக்கலாம்.

இவையனைத்தும் செய்தும் இருளே நிலவினால், அல்லது நடுவே ஒரே ஒரு கிடைக்கோடு மட்டும் ஒளிர்ந்தால், குறை திரையினுள்ளே உள்ளது. அங்கே நம் வேலை முடிந்தது. திரையின் பின்மூடியைக் கழற்றுதல் கூடவே கூடாது. 230 வோல்ட்டு மின்சாரம் உள்ளே ஏறத்தாழ 325 வோல்ட்டாகத் தேக்கி வைக்கப்படும். குழாயோ தானே ஒரு மின்தேக்கியாகி, பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உயர் மின்னழுத்தத்தை வைத்திருக்கக்கூடும். மாணவரை அருகே நிறுத்திக்கொண்டு இதில் கைவைப்பவரை ஆசிரியர் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. பயிற்சி பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுக்க.

அவரும் கைவிட்ட திரையைப் பள்ளிக்குப் பின்னே குப்பைக்குழியில் எறிதலும் ஆகாது. அக்கண்ணாடியில் ஈயம் கலந்துள்ளது. குழாயினுள் காற்றில்லாமையால், கல்லெறி பட்டால் உட்குவிந்து வெடித்துச் சிதறும். மலேசியாவில் 2005-ஆம் ஆண்டின் கழிவு ஒழுங்குவிதிகள் இத்தகைய கண்ணாடியை எஸ்.டபிள்யூ. 110 என்னும் குறியீட்டின்கீழ்ச் சேர்த்துள்ளன. உரிமம் பெற்ற மின்னணுக் கழிவு நிலையத்திடமே அதனை ஒப்படைத்தல் வேண்டும்.